நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய்

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி முடிந்து இன்றுதான் மலை ஏறினோம். இரண்டு நாள் முறுக்கும் அதிரசமும் தின்ற வயிறு முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே புரட்ட ஆரம்பித்துவிட்டது. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் என்பதற்காக ஜீப் மெதுவாகப் போகுமா? பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களையும் வேலை தொடங்குமுன் தோட்டத்தில் இறக்கியாக வேண்டும் அவருக்கு.

போடிமெட்டில் பனி எதிரே வருகிற வண்டியை மறைத்தது. தோட்டத்தில் இன்னும் மோசம். ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. அடித்தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, ஈர இலையை விலக்கி, விளைந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். இலையில் நின்ற தண்ணீரெல்லாம் கையில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் வலது கையில் மூன்று விரல்கள் வெளுத்துப்போயின. சும்மா வெளுப்பு இல்லை, சுண்ணாம்பு. கோடு போட்டதுபோல அதற்கு மேலே என் நிறம், கீழே பிணத்தின் விரல். கிள்ளிப் பார்த்தேன், உணர்வு இல்லை. பிறகு நீலமானது. பிறகு சிவந்தது. சிவக்கும்போது மிளகாயை அரைத்த கைபோல எரிச்சல்.

வெளுத்துக் கிடந்தபோதே அடுத்த செடியில் இருந்த பொன்னுமணி மதினி பார்த்துவிட்டாள். சொந்த மதினி இல்லை, எங்கள் தெருவில் முறை வைத்துக் கூப்பிடுவது. "என்னடி இது, கோலமாவுல கைய விட்ட மாதிரி?" என்று கையைப் பிடித்து இழுத்து, தன் அக்குளுக்குள் சொருகி வைத்துக்கொண்டாள். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"விரலு மரத்துப்போச்சு மதினி, யாருகிட்டயும் சொல்லிறாத" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? போன வருஷக் குளிரிலும் வந்தது. அப்போது இரண்டு விரல்தான்.

நவம்பர் 17

இன்று வீட்டிலேயே வெளுத்தது. காலையில் பாத்திரம் கழுவும்போது.

நவம்பர் 23

சந்தையில் கம்பளிக் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு விரல் நுனியில் பட்ட ஈரம் மெல்ல ஏறி மணிக்கட்டுவரை வந்துவிட்டது. கழற்றினால் ஐந்து விரலும் வெள்ளை. சும்மா இருந்திருந்தால் மூன்றோடு போயிருக்கும்.

சாயங்காலம் மகள் சுசித்ராவிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாளே, எதற்கும் ஒரு பாடம் வைத்திருப்பாள். "நூலுக்கு நடுவுல சின்னச் சின்னச் சந்து இருக்கும்மா. அது வழியாத் தண்ணி தானா மேல ஏறும். நுண்புழை ஏற்றம்னு பேரு. நம்ம சுவத்துல ஓதம் ஏறுதுல்ல, அதேதான்" என்றாள். சுவரைத் திரும்பிப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு நனைந்து கிடக்கிறது. இத்தனை வருஷம் அது மழையில் நனைந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ரப்பர் கையுறையும் போட்டுப் பார்த்தாயிற்று. காய் விளைந்ததா பிஞ்சா என்று விரலுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் பிரபு என் கூடையைக் கிளறிப் பார்த்து, "பிஞ்சும் வருதே சேச்சி" என்றான். நல்ல பையன். மலைமேலேயே பிறந்து வளர்ந்தவன், பாதி மலையாளம் பேசுவான். அவன் இதுவரை என்னிடம் குறை சொன்னதில்லை.

டிசம்பர் 2

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புண். எறும்பு கடித்த அளவுதான், ஆனால் ஆறவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் உப்பியிருக்கின்றன. மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

அவரிடம் காட்டினேன். "மலையில ஈரத்துல கெடந்தா அப்படித்தான் இருக்கும், தேங்காண்ணெ தடவு" என்றார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார், பார்க்காமல் சொல்லவில்லை. ஆனாலும்.

டிசம்பர் 6

இதை எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று திரும்பும்போது ஜீப்பில் மாயக்கா கேட்டுவிட்டாள். மாயக்காதான் எங்கள் செட்டில் மூத்தவள். யார் எங்கே உட்கார்வது, எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான். எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "ஏ ரோசா, ஒங் கையில என்னா? வெளுக்குதாம், மரத்துப் போகுதாம், புண்ணு ஆறலையாம். பெருவியாதியா இருந்தா சொல்லிரு ஆத்தா. நாங்களும் புள்ளகுட்டிக்காரவுக."

தொழுநோய்க்கு எங்கள் பக்கத்துப் பேர் பெருவியாதி. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். முன்னால் அவர் கியர் மாற்றினார். காதில் விழுந்திருக்கும். விழாமல் எப்படி?

வெளுக்கிறது என்று யாரும் பார்த்திருக்கலாம். மரத்துப் போவது எப்படித் தெரியும்? மதினியைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே என்ன இருந்தது, பனியைத் தவிர?

டிசம்பர் 7

விடியுமுன் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "ரெண்டு நாளைக்கு வீட்ல இரேன்" என்றார்.

"எதுக்கு?"

"மாயக்கா போன் போட்டுச்சு. நீ ஏறுனா ஆளுக வேற வண்டிக்குப் போயிருவாகளாம்."

"நீங்க என்ன சொன்னீக?"

"ரெண்டே நாளு" என்றார் மறுபடி.

அந்த வண்டிக்குப் படுதா தைச்சவ நான். மொத மொதல்ல அது வாசல்ல வந்து நின்னப்ப எலுமிச்சம்பழம் வச்சவ நான். நான் ஏறக்கூடாதாம். கோபத்துல பேசிருந்தாலும் பரவாயில்ல. மெதுவாச் சொன்னாரே, அதான் தாங்கல.

டிசம்பர் 8

சோறு பொங்கவில்லை. அவர் கடையில் வாங்கி வந்த இட்லி அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 11

தனியாகவே டாக்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உட்காரும் வயதான டாக்டர். "பெருவியாதியா டாக்டர்?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். உட்காரச் சொன்னார். விரலில் பஞ்சால் தடவி, ஊசிமுனையால் லேசாகக் குத்தி, உணர்வு இருக்கிறதா என்று பார்த்தார். கை முழுக்கத் தோலைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே விரல் வெளுத்தது.

"இது அது இல்லம்மா. நிச்சயமா இல்ல" என்றார். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். சந்தோஷத்தில்தான். அதற்குள் அடுத்ததைச் சொன்னார்: "ஆனா புண்ணு வந்திருக்கு, விரல் உப்பியிருக்கு. மதுரைக்குப் போயிருங்க. மூட்டு வாத டாக்டர் ஒருத்தரு இருக்காக. ரத்தம் பாக்கணும், கேப்பிலரி பாக்கணும்."

ஒட்டாத வியாதிதானே என்று கேட்டேன். ஒட்டவே ஒட்டாது என்றார். இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வந்தது. எழுதிக் கொடுத்தால் ஜீப்பில் யார் படிக்கப் போகிறார்கள்?

டிசம்பர் 12

கேப்பிலரி. காலையிலிருந்து இந்த ஒரு சொல்தான் தலைக்குள் ஓடுகிறது.

சுசித்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். உயிரியல் புத்தகத்தை எடுத்து விரித்தாள். படத்தில் ஒரு பக்கம் சிவப்புக் குழாய், ஒரு பக்கம் நீலக் குழாய், நடுவில் வலை மாதிரி நூல் நூலாக. "இதுதாம்மா. தந்துகி. ஒடம்புலயே ரொம்பச் சின்ன ரத்தக்குழாய். அணுக்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையாத்தான் போக முடியும், அம்புட்டுச் சின்னது." போன் எடுத்து என்னமோ தேடினாள். திடீரென்று கத்தினாள். "அம்மா! நுண்புழை ஏற்றம் சொன்னேன்ல, அதுக்கும் இதே இங்கிலீஷ் வார்த்தைதான்! லத்தீன்ல முடின்னு அர்த்தமாம். முடி மாதிரி மெல்லிசாக் குழாய் இருந்தா எல்லாத்துக்கும் கேப்பிலரிதான்."

சுவரில் ஏறுகிற ஓதமும் என் விரலில் ஏறாத ரத்தமும் ஒரே பேரில்.

நான் படித்தபோது பாடத்தில் தந்துகி என்றிருந்தாலும் எங்கள் வாத்தியார் மயிர்க்குழாய் என்றுதான் சொல்வார். பையன்கள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து சிரிப்பார்கள். அந்தப் பாடத்தை அவர் முடித்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவப் போகும்போது, "மயிருன்னா லேசுன்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். சுசித்ரா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்றிருந்தார்.

டிசம்பர் 19

பொன்னுமணி மதினி வந்தாள். வாசல்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"ஏன் மதினி சொன்னே?"

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "பயந்துட்டேன்டி. அன்னைக்கு ஒங் கைய எங் கமுக்கட்டுல வச்சேன். அன்னைக்கே ஒடம்பு அரிக்கிற மாதிரி இருந்துச்சு. யாருகிட்டயாச்சும் கேக்கணும்போல இருந்துச்சு. மாயக்காகிட்ட மட்டுந்தான் கேட்டேன்."

"மாயக்காகிட்ட கேட்டா ஊரு பூராக் கேட்ட மாதிரி."

"தெரியும். வஞ்சிரு. நல்லா வஞ்சிரு. வாங்கிட்டுப் போறேன்."

வையத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மதுரைக்குப் போக வேண்டும், கேப்பிலரி பார்க்கிறார்களாம் என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கேப்பை லாரியா? அத ஏன்டி ஆசுபத்திரில பாக்குறாக?"

நான் சிரித்துவிட்டேன். இத்தனை நாள் கழித்து முதல் சிரிப்பு, அதுவும் இவளிடம். கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வருவாள், தெரியும்.

டிசம்பர் 27, புதன்

மதுரை. விடியுமுன் பஸ்சு. மதினி சொன்னபடி ஸ்டாண்டில் நின்றாள். அவரும் வந்து நின்றார். "நானும் வரவா?" என்றார். "வண்டி ஓட்டலையா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். நான் பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெந்நீர். துணி சுற்றி வைத்திருந்தார்.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, நகம் தொடங்குகிற இடத்தில், அந்த மெல்லிய தோல்மேல், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பேனா மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த திரையில் படம் தெரிந்தது.

ரோஸ் நிறம். அதில் சிவப்பாக வளையம் வளையமாக.

"இதுதான் உங்க தந்துகிகள். எல்லாருக்கும் இது கொண்டை ஊசி மாதிரி, மெல்லிசா, வரிசையா இருக்கணும்" என்றார். எனக்கு வரிசை தெரியவில்லை. சிலது புழு மாதிரி வீங்கிக் கிடந்தது. சில இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் ரோஸ். ஒரு ஓரத்தில் பழுப்பாகக் கறை. ரத்தம் கசிந்த இடமாம்.

"வரிசையா இருந்தா எப்படி டாக்டர் இருக்கும்?" மதினிதான் கேட்டாள். டாக்டர் சிரித்து, "நீங்க கையக் கொடுங்க" என்றார். மதினி தயங்கினாள். பிறகு கொடுத்தாள். அவள் நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய்.

போடிமெட்டுச் சாலையை மேலே நின்று பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வளைவுகள் தெரியுமே, அப்படி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அத்தனையும் மெல்லிசாக, ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில். ஊரில் அவளை யாரும் அழகி என்று சொன்னதில்லை. அந்தத் திரையில் அவள் அவ்வளவு அழகு.

மதினி தன் படத்தைப் பார்த்தாள், என் படத்தைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. "இவளுக்கு ஏம் டாக்டர் இப்படி? ரெண்டு பேரும் ஒரே செடியிலதான் காய் எடுக்கோம்" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம்.

ஜனவரி 3

முடிவு வந்துவிட்டது. இந்த முறை அவர்தான் கூட வந்தார். கேட்கவில்லை, சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டார்.

தோல் மெல்ல மெல்ல இறுகிப்போகும் வியாதியாம். சிலருக்கு உள்ளே நுரையீரல்வரை போகுமாம். எனக்குத் தொடக்கம்தான், நுரையீரலில் ஒன்றும் இல்லை. "நல்ல நேரத்துல வந்துட்டீங்க. நிறையப் பேர் விரல் கருத்த பிறகுதான் வர்றாங்க" என்றார் டாக்டர். ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்திருக்கிறார். குளிரும் ஈரமும் ஆகாது. வருஷத்துக்குச் சில தடவை வந்து காட்ட வேண்டும். முழுசாகப் போகுமா என்று கேட்டேன். "கட்டுக்குள்ள வச்சுக்கலாம்" என்றார். பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டர், இது ஒட்டுமா?" நான் திரும்பிப் பார்த்தேன். "எனக்காகக் கேக்கலங்க" என்றார் அவசரமாக. "சொல்லணும். சொல்ல வேண்டிய ஆளுக இருக்காக."

ஜனவரி 9

இன்று ஏறினேன்.

அவர் ஜீப்பை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கம் வந்து நின்றார். மேடையில் பேசிப் பழகியவரா என்ன? தொண்டையைக் கனைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "எம் பொஞ்சாதிக்கு வந்தது ஒட்டாது. பெரிய டாக்டரு சொல்லிட்டாக. ரத்தக்குழாய்ல கோளாறு. அவ இந்த வண்டியிலதான் வருவா. இஷ்டமில்லாதவுக... நான் கோவிச்சுக்க மாட்டேன். வேற வண்டி நிக்கிது."

பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். முதலில் இறங்கியது மாயக்கா. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த ஜீப்புக்கு நடந்தாள், பின்னாலேயே அவள் ஆட்கள். அவர் முகம் செத்துப்போனது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மதினி ஏறி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் என் டிபன் மூடியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். "புளிச்சோறா? ரோசா, ஒனக்கு உப்புக் கணக்கு இன்னும் வரல" என்று சத்தமாகச் சொன்னாள். தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். கை வேலை செய்கிறது. வாசலில் கோலம் நானே போட்டேன்.

ஜனவரி 30

மலை வேலையை விட்டுவிட நானாகத்தான் முடிவெடுத்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டும், ரப்பர் கையுறைக்குள் துணிக் கையுறை போட்டும், பனியில் விரல் வெளுக்கத்தான் செய்கிறது. பழைய புண்ணுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

பிரபுவிடம் சொன்னேன். "ஸ்டோர்ல காய் உலத்துற எடம் சூடா இருக்கும் சேச்சி, முதலாளிகிட்ட சோதிக்கட்டா?" என்றான். சோதிப்பதென்றால் அவன் மலையாளத்தில் கேட்பது. கேட்டும் பார்த்தான். அங்கே ஆள் போதுமாம். அதைச் சொல்ல வந்தவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். "கொழப்பமில்ல தம்பி" என்று அவன் பேச்சிலேயே சொன்னேன். சிரித்தான்.

கடைசியாக ஒரு செடி அடியில் உட்கார்ந்து சரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மலை பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அட்டை, பனி, முதுகு வலி, இதைத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். இறங்கும்போது வளைவுகளில் வயிறு புரட்டியது. இன்று அதுகூட...

போதும்.

மார்ச் 12

போடியில் ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. மலையிலிருந்து உலர்ந்து வரும் காயைத் தரையில் கொட்டி, பெரியது சிறியது, வெடித்தது, நிறம் மங்கியது என்று பிரிக்க வேண்டும். தகரக் கூரை, அனல். மற்றவர்கள் விசிறிக்கொண்டே இருக்கிறார்கள். நான் விசிறிப் பக்கம் போவதே இல்லை. சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

புண் இரண்டும் ஆறிவிட்டன. மோதிரம் இன்னும் ஏறவில்லை.

அவர் ஜீப்பில் இப்போது ஆள் குறைவு. அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. சாயங்காலம் வந்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஏதோ டாக்டர் மாதிரி. "என்ன தெரியுது?" என்றேன். "ஒண்ணும் தெரியல" என்றார். ஆனாலும் விடவில்லை.

மே 20

சுசித்ரா பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். பதினொன்றில் உயிரியல் பிரிவுதான் எடுப்பாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 24

மலையில் பருவ மழை. இங்கே சாரல் காற்று மட்டும். மேலே காய் எடுப்பு தொடங்கிவிட்டது.

சாயங்காலம் வேலை விட்டு வந்தால் வாசலில் மாயக்கா. நான் பார்த்துப் பழகிய மாயக்கா இல்லை, தோள் ஒடுங்கிப்போய் நிற்கிறாள். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். நான்கு விரல்கள். நீலம் போய்ச் சிவப்பாகிற நேரம். எனக்கு அந்த நிறம் தெரியாதா?

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு வருசமா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அன்னைக்கு வண்டியில என்னய அப்படிக் கேட்டீக?"

அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில். "அன்னைக்கு ஒங் கையப் பாத்தப்ப எங் கையத்தான்டி பாத்தேன். கொல நடுங்கிப்போச்சு. ஒன்னய எறக்கிவிட்டுட்டா எனக்கு இல்லன்னு ஆயிரும்னு நெனச்சேன். கிறுக்குச் சிறுக்கி." கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாக?" என்றாள்.

என்னென்னவோ சொல்லத் தோன்றியது. எட்டு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் இருந்தது. அவள் விரல் சிவந்துகொண்டே வந்தது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

"புதன்கிழமை" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மாயக்காளோடு மதுரை போய் வந்தேன். எனக்கும் இன்று காட்ட வேண்டிய நாள்.

அவளை முதலில் பார்த்தார்கள். எண்ணெய் விட்டதும் "சுடுமா?" என்றாள். அத்தனை பேரை அதட்டுகிறவள். திரையில் படம் வந்தது. நான் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். வரிசை. ஒழுங்கான, மெல்லிய, முழு வரிசை.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டர். "குளிர் பட்டா உங்க ரத்தக்குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குது. அவ்வளவுதான். தந்துகியெல்லாம் நல்லா இருக்கு. எதுக்கும் ரத்தமும் பாத்துருவோம். கைய வெதுவெதுப்பா வச்சுக்கங்க."

"அப்ப இவளுக்கு வந்தது எனக்கு இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றார். மாயக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "கருப்பசாமி!" என்று கத்தினாள். கத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

உண்மையை எழுதுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள்? எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை இறக்கிவிட்டவளுக்கு முழு வரிசை, எனக்கு வெறும் ரோஸ். கடவுள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் படமும் என் படம் மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிஷம் அப்படி நினைத்ததற்கு உடம்பு கூசியது.

என் முறை வந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "புதுசா எதுவும் போகலை. இருந்தபடியே இருக்கு" என்றார். மருந்து வேலை செய்கிறதாம். மாயக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்படின்னா நல்லதுதான டாக்டரம்மா? சொல்லுங்க, நல்லதுதான?" என்று இரண்டு தடவை கேட்டாள். நல்லது என்று அவர் சொன்னபிறகுதான் பின்னால் சாய்ந்தாள்.

திரும்பும் பஸ்சில் உசிலம்பட்டி தாண்டியதும் அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிக்கொண்டாள். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் அதே பஸ்சில் இருந்தார்கள். பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று சில்லென்று அடித்தபோது முன்னால் இருந்தவனிடம், "ஏப்பா, அந்தச் சன்னலச் சாத்து, ஒடம்புக்கு முடியாத புள்ள இருக்கு" என்றாள். பழைய மாயக்கா குரல். அவன் உடனே சாத்தினான்.

போடியில் இறங்கினால் அவர் ஜீப்போடு நின்றார். மாயக்காளைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப்பா வண்டி எடுக்குற?" என்று அவரிடம் கேட்டாள் மாயக்கா. "எங்காளுகளுக்கும் எடம் வச்சிரு." பிறகு முன் சீட்டைக் காட்டி என்னிடம், "நீ ஏறு" என்றுவிட்டுத் தான் பின்னால் ஏறினாள்.

நான் பின்பக்கம் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.